மூச்சு வாங்காத நூறு மீட்டர்

இளம்பரிதி சுவரைத் தொட்டுத் தலையைத் தூக்கியபோது பிரிஸ்பேன் நீச்சல் அரங்கமே எழுந்து நின்று கத்தியது. ஆண்கள் நூறு மீட்டர் ஃப்ரீஸ்டைலில் உலக சாதனை அப்போதுதான் உடைந்திருந்தது. உடைத்தவன் ராஜபாளையத்து மில் தொழிலாளி ஒருவரின் மகன்.

பார்வையாளர் வரிசையில் அவனுடைய அக்கா மனோன்மணி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். சந்தோஷத்தில் கால் எழவில்லை என்று பக்கத்திலிருந்தவர்கள் நினைத்திருப்பார்கள். அவளோ தம்பியைவிட அவனோடு நீந்திய மற்ற ஏழு பேரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் தடம் பிரிக்கும் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். வாய் பிளந்து, மார்பு துருத்தியாய் ஏறி இறங்க, காற்றை அள்ளி அள்ளி விழுங்கினார்கள். நடுவில் இளம்பரிதி, பால் பாக்கெட் வாங்கத் தெருவில் இறங்கியவன் மாதிரி நின்றிருந்தான். இருபக்கமும் திரும்பி அவர்களை வேடிக்கை பார்த்தான்.

நூறு மீட்டரில் அவன் ஒரு தடவைகூட மூச்செடுக்கத் தலையைத் திருப்பவில்லை. உலகத்தில் அப்படி நீந்திய முதல் ஆள் அவன்தான். அதற்கு வழிசெய்து கொடுத்தவள் மனோன்மணி.

மனோன்மணி நுரையீரல் மருத்துவர். இளம்பரிதியைவிடப் பதினோரு வயது மூத்தவள். அவர்களுடைய அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்து நெஞ்சு முழுக்கப் பஞ்சை நிரப்பிக்கொண்டு, கடைசி மூன்று வாரம் மூச்சுக்குத் தவித்து இறந்தார். அப்போது மனோன்மணி மேல்படிப்புக்காக வெளிநாட்டில் இருந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது பதினேழு வயது இளம்பரிதி. இந்திய ஜூனியர் அணித் தேர்வுக்கு அவன் அந்த வருஷம் போகவில்லை. அதைப் பற்றி அக்காவிடம் அவன் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதும் இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த ஆராய்ச்சியில் இறங்கினாள். குணமாக்க முடியாத நுரையீரல் நோயாளிகளுக்கு உயிரை நீட்டிக்க முடியாது. தவிப்பையாவது எடுக்க முடியுமா? ஆறு வருஷத்தில் அதைச் செய்துகாட்டினாள். கழுத்துத் தோலுக்கடியில் வைக்கிற சின்னஞ்சிறு பொருள். அதற்கு நீளமாக ஒரு விஞ்ஞானப் பெயர் இருந்தது. வார்டில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. பார்க்க எப்படி இருந்ததோ அதையே பெயராக வைத்துவிட்டார்கள்: நெல்லு.

நெல்லு வைத்தவர்கள் அமைதியாக இறந்தார்கள். கடைசி நாட்களில் பேரப்பிள்ளைகளோடு பேசினார்கள், சாய்ந்து உட்கார்ந்து காபி குடித்தார்கள். உறவினர்கள் மனோன்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இளம்பரிதி கேட்டான்.

“அக்கா, உன் பேஷன்ட்டுக்கு வெக்கிற நெல்லை எனக்கு வெச்சா என்ன ஆகும்?”

மனோன்மணி சிரித்தாள். “உனக்கு என்னடா நோய்?”

“நாலாவது இடம்.”

சிரிப்பு நின்றது. மூன்று உலகப் போட்டிகளில் அவன் நாலாவதாக வந்திருந்தான். மேடையில் மூன்று பேருக்குத்தான் இடம். வயது இருபத்தாறு ஆகியிருந்தது.

“மூச்சு முட்டறது ஏன்னு தெரியுமா?” என்றாள். “ஆக்சிஜன் கொறைஞ்சதால இல்ல. ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு ஏறுதுல்ல, அதைக் கண்டுபிடிச்சு மூளைக்கு மணியடிக்க ஒரு காவக்காரன் இருக்கான். நெல்லு அவனைத் தூங்க வெக்குது, அவ்வளவுதான். மூச்சு அது பாட்டுக்கு ஓடிட்டிருக்கும். தவிப்பு மட்டும் இருக்காது.”

“அதைத்தானே நானும் கேக்கறேன்.”

“சாகப்போறவங்களுக்குக் காவக்காரன் தேவையில்ல, பரிதி. உனக்குத் தேவை.”

“நாப்பத்தஞ்சு செகண்டுக்கா? அந்த நேரத்துல நான் சாகமாட்டேன்னு உனக்கே தெரியும். முடிஞ்சதும் எடுத்துடு.”

அடுத்த வாரம் அவன் தன் பயிற்சியாளர் எட்வினை அழைத்துவந்தான். எட்வினுக்கு அறுபது வயது. நீச்சலைத் தவிர உலகத்தில் வேறெதுவும் நடப்பதாக அவர் நம்பியதில்லை.

“டாக்டர், நூத்தம்பது வருஷமா இந்த நூறு மீட்டர் குறைஞ்சுக்கிட்டே வருது,” என்றார். “ஆரம்பத்துல ஒரு நிமிஷத்துக்கு மேல ஆச்சு. மனுஷன் மட்டும் வேகமாயிட்டான்னு நெனைக்கறீங்களா? குளத்தை ஆழமாக்குனாங்க, அலை தரையில மோதித் திரும்பி வரக்கூடாதுன்னு. பக்கத்து ஆள் கிளப்பற அலையைத் தின்னற மாதிரி கயிறு கட்டுனாங்க. கண்ணாடி வந்துச்சு. சுவர்ல குட்டிக்கரணம் போட்டுத் திரும்பக் கத்துக்கிட்டாங்க. ஒரு காலத்துல உடம்பு முழுக்க ரப்பர் மாதிரி டிரெஸ் போட்டுக்கிட்டு சாதனையெல்லாம் மளமளன்னு உடைச்சாங்க. அப்புறம் அந்த டிரெஸ்ஸைத் தடை பண்ணுனாங்க. ஆனா அந்த நேரத்தையெல்லாம் அழிச்சாங்களா? இல்ல.”

“சரி, இவனுக்கு என்ன குறையுது?”

“கால் செகண்ட்கூட இல்ல. ஒவ்வொரு தடவ மூச்சுக்குத் தலையைத் திருப்பறப்பவும் உடம்பு லேசா கோணுது. தண்ணி பிடிச்சு இழுக்குது. அங்கதான் போகுது.”

மனோன்மணி மெதுவாகச் சொன்னாள்: “குளத்தை மாத்தியாச்சு. துணியை மாத்தியாச்சு. மிச்சம் இருக்கறது ஆள்தான், இல்லையா?”

எட்வின் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார்.

அவள் இரண்டு மாதம் முடியாது என்றாள். இளம்பரிதி கெஞ்சவில்லை, கோபித்துக்கொள்ளவும் இல்லை. பழைய கதையைச் சொல்லிக்காட்டியிருந்தால் அவள் கடைசிவரை மறுத்திருப்பாள். அவன் சொல்லாததுதான் அவளைச் சாய்த்தது. ஒரு சீசனுக்கு மட்டும், பயிற்சியின்போது எட்வின் பக்கத்தில் இருக்க வேண்டும், போட்டி முடிந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று மூன்று நிபந்தனை போட்டாள். நீச்சல் சம்மேளனத்திடம் முறைப்படி எழுதியும் கேட்டாள். அவர்கள் விதிப்புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். உடம்புக்குச் சக்தியைச் சேர்ப்பதற்கு எதிராகத்தான் விதி இருந்தது. ஒரு உணர்வைக் குறைப்பதற்கு எதிராக இல்லை. அனுமதித்துவிட்டார்கள்.

“எடுத்துடலாம்தானே?” என்று ஊசி போடும்போது கேட்டான் இளம்பரிதி.

“எடுத்துடலாம்,” என்றாள்.

அதுவரைக்கும் யாருக்கும் அதை எடுத்ததில்லை. வைத்துக்கொண்டவர்கள் எல்லோரும் அதோடேயே போய்ச்சேர்ந்தவர்கள்.

பிரிஸ்பேனுக்குப் பிறகு சென்னை விமான நிலையத்தில் மேளம் அடித்தார்கள். முதலமைச்சர் சால்வை போர்த்தினார். நெல்லை எடுக்கும் தேதி ஒரு பாராட்டு விழாவுக்காகத் தள்ளிப்போனது, பிறகு ஆசியப் போட்டிக்காக, பிறகு இன்னொன்றுக்காக. மனோன்மணி கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளும் ஓங்கிக் கேட்கவில்லை.

இளம்பரிதியின் சாதனை எட்டு மாதம்கூட நிற்கவில்லை. ஹங்கேரிக்காரன் ஒருவன் உடைத்தான். அவனை ஒரு சீனப் பையன் உடைத்தான். எல்லோர் கழுத்திலும் இப்போது நெல்லு இருந்தது. இருநூறு மீட்டர், நானூறு மீட்டர் என்று ஒவ்வொன்றாகச் சரிந்தன. பல வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெயர் ஏறுகிற சாதனைப் பட்டியலில் மாதத்துக்கு ஒரு பெயர் ஏறி இறங்கியது. அடுத்த உலகப் போட்டியில் இளம்பரிதி பிரிஸ்பேனைவிட வேகமாகத்தான் நீந்தினான். நாலாவதாக வந்தான்.

அன்றைக்குத்தான் அவனே போன் செய்தான். “போதும்க்கா. எடுத்துடு.”

அவனுக்குக் கல்யாணமாகி மனைவி அபிராமி அப்போது ஏழு மாத கர்ப்பம். மனோன்மணி கால் மணி நேரத்தில் நெல்லை எடுத்துவிட்டாள். நாலைந்து நாளில் தவிப்பு திரும்பிவிடும் என்று சொன்னாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காரச் சொல்லி ஒவ்வொரு வாரமும் சோதித்தாள். அவன் சாவகாசமாக உட்கார்ந்திருப்பான். இயந்திரத்தில் ஆக்சிஜன் சரிவதைப் பார்த்து அவள்தான் பதறிப்போய், “விடுடா, மூச்சை விடு!” என்று கத்துவாள். தூங்கப்போன காவல்காரன் தூங்கியே போயிருந்தான். எழுப்ப வழி தெரியவில்லை.

தூங்கும்போது இளம்பரிதியின் மூச்சு மெலிந்துபோனது. முகமூடியும் இயந்திரமும் வைத்துக்கொள்ளாமல் இனி அவன் படுக்கக் கூடாது என்றானது. நீச்சலை விட்டான். துறைமுகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைத்த வேலைக்குப் போய்வந்தான்.

குழந்தை பிறந்து சில வாரம் கழித்து அபிராமி மனோன்மணியைத் தேடி வந்தாள்.

“அண்ணி, நேத்து கார் நின்னுபோச்சுன்னு தெருமுனையிலேர்ந்து தள்ளிட்டு வந்தாரு. உதடெல்லாம் நீலமா இருக்கு. என்னங்க ஆச்சுன்னா, ‘ஒண்ணும் தெரியலையே’ங்கறாரு. கையைப் பிடிச்சு உக்கார வெச்சேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “அவர் பெருமூச்சு விட்டு நான் பாத்ததே இல்லண்ணி. கொட்டாவி விட்டதில்ல. பாப்பாவை மொதல்ல கையில வாங்கினப்ப எல்லாரும் அழுதோம். அவர் கண்ணுலயும் தண்ணி வந்துச்சு. ஆனா அழுகை வரல. அழுகைன்னா விம்மணும்ல?”

விம்மலும் கொட்டாவியும் பெருமூச்சும் அந்தக் காவல்காரன் குடியிருக்கிற அதே தெருவில் குடியிருப்பவை என்று மனோன்மணிக்குத் தெரியும். பாடமாக நடத்தியிருக்கிறாள்.

அந்த வருஷம்தான் மதுரையில் அகிலன் என்ற பையன் செத்துப்போனான். பதினாறு வயது. டயர் கடை வைத்திருந்த அப்பா சோலைராஜ், எங்கோ ஒரு தனியார் கிளினிக்கில் மகனுக்கு நெல்லு வைத்திருந்தார். பயிற்சியில் தண்ணீருக்கடியிலேயே நீந்திக்கொண்டிருந்தவன் மயங்கிப்போனான். கரையிலிருந்தவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவன் துடிக்கவில்லை, கையைக் காலை உதறவில்லை. இன்னும் பயிற்சி செய்கிறான் என்றே நினைத்தார்கள்.

சோலைராஜ் ஒரு நாள் மனோன்மணியின் மருத்துவமனைக்கு வந்தார். சண்டை போட வந்திருக்கிறார் என்று காவலாளி தடுத்தான். அவள் உள்ளே விடச் சொன்னாள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

“உங்க தம்பி படம்தாம்மா எங்க வீட்டுச் சொவத்துல இருக்கு,” என்றார். “அவரை மாதிரி வரணும்னுதான். நான் உங்களைக் குத்தம் சொல்ல வரல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். எம்மகனுக்குக் கஷ்டமே இருந்திருக்காதுல்ல?”

எத்தனையோ உறவினர்கள் அவளிடம் கேட்ட கேள்விதான். அவள் எப்போதும் நிம்மதியோடு சொல்கிற பதில்தான்.

“இருந்திருக்காதுங்க.”

சோலைராஜ் தலையாட்டினார். “அதான் எனக்குத் தாங்கல,” என்றார். “கொஞ்சம் கஷ்டப்பட்டிருந்தான்னா மேல வந்திருப்பான்.”

அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். மனோன்மணி அன்று மாலை வரை அந்த அறையை விட்டு வெளியே வரவில்லை.

அகிலனைப் போல வேறு நாடுகளிலும் பிள்ளைகள் இறந்திருந்தார்கள். நீச்சல் சம்மேளனம் விசாரணை வைத்தது. மனோன்மணி கணினித் திரை வழியாகச் சாட்சி சொன்னாள். நெல்லைத் தடைசெய்ய வேண்டும் என்று முதலில் சொன்னதே அவள்தான். தலைவியாக உட்கார்ந்திருந்த பெண்மணி, நெல்லு வைத்து நீந்திய எல்லா நேரங்களையும் பட்டியலிலிருந்து நீக்கப்போவதாகச் சொன்னார்.

“உங்கள் தம்பியின் சாதனையும் போய்விடும். ஆட்சேபம் உண்டா?”

முந்தின நாளே அவள் இளம்பரிதியிடம் கேட்டிருந்தாள். “அழிக்கட்டும்க்கா,” என்று அவன் சட்டென்று சொல்லிவிட்டான். தனக்காக விட்டுக்கொடுக்கிறான் என்று நினைத்து அவள் உருகிப்போயிருந்தாள்.

“இல்லை,” என்றாள்.

மூச்செடுத்து நீந்திய கடைசி ஆளின் நேரத்துக்குச் சாதனை திரும்பிப் போனது. நூற்றைம்பது வருஷமாகக் குறைந்துகொண்டே வந்த எண் முதல்முறையாகக் கூடியது.

அது அதோடு நிற்கவில்லை. கிளினிக்குகளுக்கு நெல்லு எங்கிருந்து போனது என்று தோண்டிய அரசாங்கம், அதைத் தயாரிப்பதையே நிறுத்தியது. மனோன்மணி தில்லிக்கு நாலு தடவை நடந்தாள். நோயாளிகளுக்கு மட்டுமாவது விடுங்கள் என்று மன்றாடினாள். “பிள்ளைங்க செத்திருக்காங்க, டாக்டர். இப்ப யாரும் இதுல கையெழுத்துப் போட மாட்டாங்க,” என்றார் ஒரு அதிகாரி. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

வார்டில் செங்கமலம் என்று ஒரு அம்மாள் இருந்தாள். முப்பது வருஷம் கல்குவாரியில் ஜல்லி உடைத்து நுரையீரல் கல்லாகிப்போனவள். இரண்டு தலையணையை மடியில் வைத்து அதன்மேல் குனிந்தபடிதான் அவளால் இருக்க முடிந்தது. பக்கத்து ஊர்க்காரி ஒருத்தி நெல்லு வைத்து நிம்மதியாகப் போய்ச்சேர்ந்த கதையைக் கேட்டுத்தான் அங்கே வந்திருந்தாள்.

“எனக்கு… எப்ப… வெப்பீங்க, டாக்டரம்மா?” நாலு வார்த்தைக்கு மூன்று மூச்சு.

“அது இப்ப வர்றதில்லம்மா.”

“ஏன்?”

மனோன்மணி அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நீச்சல்காரர்கள் கால் செகண்டு குறைப்பதற்காக அதைச் செலவழித்துவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? மாத்திரையால் முடிந்ததைச் செய்தாள். அது போதவில்லை. செங்கமலம் ஒன்பது நாள் தவித்துவிட்டுப் போனாள். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காராத மகள், அந்த ஒன்பது நாளும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்து உலகப் போட்டி சென்னைக்கு வந்தது. பழைய வீரர்களுக்கு அனுப்புகிற அழைப்பு இளம்பரிதிக்கும் வந்திருந்தது. பெயருக்குப் பக்கத்தில் எந்தச் சாதனையும் போடவில்லை. “நீயும் வாயேன்க்கா,” என்றான். அபிராமி குழந்தையோடு வீட்டில் இருந்துகொண்டாள். அக்காவும் தம்பியும் கீழ் வரிசையில் தண்ணீருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

ஆண்கள் நூறு மீட்டரில் துனிசியாவிலிருந்து வந்த ஒரு நெட்டைப் பையன் ஜெயித்தான். சாதனை இல்லை. பிரிஸ்பேனில் இளம்பரிதி நீந்தியதைவிட ஒரு செகண்டுக்கு மேல் பின்தங்கிய நேரம். கூட்டம் மரியாதையாகக் கைதட்டியது. பையனுக்கு அது எதுவும் கேட்டிருக்காது. கயிற்றின்மேல் மல்லாந்து சாய்ந்து, வாயைத் திறந்து, வயிறு ஒட்டி ஒட்டி உப்ப மூச்சு வாங்கினான். நேரப் பலகையைப் பார்த்தான். ஏதோ கத்த வந்தான், கத்த மூச்சில்லை. இருமினான், சிரித்தான், மறுபடி மூச்சு வாங்கினான்.

இளம்பரிதி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்திருந்தான். அவன் பழைய நேரத்தை நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று மனோன்மணிக்குத் தோன்றியது.

“வருத்தமா இருக்காடா?” என்றாள்.

“எனக்கு இது வரலக்கா.”

“எது?”

“இதுதான். இவனுக்கு இப்ப வருது பாரு.” கண்ணை எடுக்காமலேயே பேசினான். “ஸ்கூல்ல ஜெயிக்கறப்ப வரும். ஸ்டேட் மீட்ல வந்துச்சு. தொட்டதும் செத்தோம்னு இருக்கும். அப்புறம் மூச்சு திரும்ப வரும்ல, அதோடேயே சந்தோஷமும் உள்ள வரும். ரெண்டும் ஒண்ணாத்தான் வரும். பிரிஸ்பேன்ல தொட்டேன், போர்டைப் பாத்தேன். ஒண்ணுமே வரல. யாரோ ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. எல்லாரும் கத்தறாங்க, நாமளும் ஏதாவது செய்யணுமேன்னு கையைத் தூக்கினேன்.”

மனோன்மணி அவனையே பார்த்தாள்.

“அப்பவே ஏன்டா சொல்லல?”

“நீ அவ்வளவு கஷ்டப்பட்டு ஒத்துக்கிட்ட. உன்கிட்ட போயி எப்படிச் சொல்றது? அடுத்த தடவ வரும், அடுத்த தடவ வரும்னுதான் எடுக்காமலே ஓட்டினேன். ஒரு தடவகூட வரல.” சிரிக்க முயன்றான். “அழிச்சதுல எனக்கு ஒண்ணும் நஷ்டமில்லக்கா. என்கிட்ட இருந்தாத்தானே.”

தண்ணீரிலிருந்து அந்தப் பையனை அவன் நாட்டுக்காரர்கள் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். கால் நிற்காமல் அவர்கள்மேலேயே சரிந்தான்.

“எப்படி இருக்கும்க்கா அது?” என்று இளம்பரிதி கேட்டான். “எனக்கு மறந்தே போச்சு. நெனைச்சு நெனைச்சுப் பாக்கறேன், பிடிபடல. நீ டாக்டர்தானே, சொல்லேன்.”

“நெஞ்சுக்குள்ள…” என்று அவள் ஆரம்பித்தாள். நிறுத்திக்கொண்டாள். பல வருஷமாக மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த வாக்கியங்கள்தான் வாயில் வந்தன. எல்லாம் தவிப்பை எப்படி அளப்பது, எப்படிக் குறைப்பது என்பதைப் பற்றியவை.

கைப்பையை அவன் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு பார்வையாளர் மாடத்தின் படிகளில் ஏறத் தொடங்கினாள். முதலில் நடந்தாள், பிறகு ஓடினாள். நாற்பதைத் தாண்டியவள், மூட்டுவலிக்காரி. உச்சிப்படியில் நின்ற காவலர், “என்னம்மா, என்ன ஆச்சு?” என்று ஓடிவந்தார். அவள் கையை அசைத்துவிட்டு இறங்கினாள். மறுபடி ஏறினாள். கூட்டத்தில் பலர் நீச்சலை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். ஒரு செருப்பு பாதிவழியில் கழன்று நின்றுவிட்டது. இளம்பரிதி எழுந்து, “அக்கா! என்னக்கா பண்ற?” என்று கூப்பிட்டது காதில் விழுந்தது. இன்னொரு முறை ஏறி இறங்கினாள்.

திரும்பி வந்து அவன் பக்கத்தில் விழுந்தாற்போல் உட்கார்ந்தாள். முகம் சிவந்து, காதுக்குள் ரத்தம் அடித்துக்கொண்டது. நெஞ்சு வெடிக்கப் பார்த்தது. அவன் கையைப் பிடித்து இழுத்துத் தன் கழுத்தெலும்பின்மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். சொல்வதற்காக வாயைத் திறந்தாள்.

மூச்சு அவளைப் பேச விடவில்லை. “இரு…” என்றாள். அதுவும் பாதிதான் வந்தது.

இளம்பரிதி கையை எடுக்கவில்லை. அவள் முகத்துக்கருகே குனிந்து, அவள் வாய் அசைவதையே பார்த்தபடி காத்திருந்தான்.